மழைக்கு ஒதுங்க ஓர் இடம்

“ஒரே குற்றத்துக்கு இரண்டு விதத் தண்டனையா, அடிகளே? இது அடுக்குமா?”

மலையேறிய மூச்சு அடங்குவதற்குள் கேட்டுவிட்டான் ஆதிச்சன். அந்த நாட்டுக்கு நீதி சொல்கிறவன் அவன். தலை நரைத்தவன். குகையில் இருந்த குரத்தி, சமணப் பெண்துறவி, அவன் மகள் வயதுதான் இருப்பாள். ஆனாலும் வழக்கு சிக்கினால் அவளிடம்தான் ஓடி வருவான்.

குரத்தி மயிற்பீலியால் தரையை மெல்லத் தடவினாள். ஓர் எறும்பு விலகிப் போகும்வரை காத்திருந்தாள். அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

“வழக்கைச் சொல்லுங்கள்.”

ஆதிச்சன் பாறை விளிம்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால், வெகு கீழே, தூறலில் ஊர் கிடந்தது.

“இரண்டு பேர். இரண்டு வீடு. ஆற்றங்கரைத் தெருவில் சாத்தன் என்று ஒருவன். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் பக்கத்து வீட்டுக் கூரைக்குத் தீ வைத்தான். கீழைச்சேரியில் பூதி என்பவனின் கூரைக்குத் தீ வைத்தவன் கண்டன். ஊர்ப்பெரியவர் மகன்.”

“பூதியோடு அவனுக்கு என்ன சண்டை?”

“சண்டையே இல்லை. பேசியதுகூடக் கிடையாது. பூதி தன் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். ‘சேரியில வெள்ளைச் சுவரா? இனி ஒருத்தன் அடிச்சுப் பாருங்கடா’ என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுத்தான் கண்டன் தீ வைத்தான்.”

“ஓ.”

“‘ஓ’ போட்டால் ஆயிற்றா, அடிகளே? நாளைக் காலை நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வீட்டைக் கட்டிக்கொடுத்து, ஏரிக்கரையில் ஓராண்டு கல் சுமக்க வேண்டும். தீ வைத்தவனுக்கு அதுதான் சட்டம். கண்டனுக்கு அது போதாது, கூட்டிக் கொடு என்கிறார்கள் சேரிக்காரர்கள்.”

“நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?”

இதற்காகத்தான் காத்திருந்தான் ஆதிச்சன். வாதம் என்றால் அவனுக்கு வெல்லம்.

“எரிந்தது அங்கேயும் ஒரு கூரை, இங்கேயும் ஒரு கூரை. இரண்டிலும் உயிர்ச்சேதம் இல்லை. கோபத்தில் வைத்த தீ எது, வெறுப்பில் வைத்த தீ எதுவென்று ஓலைக்குத் தெரியுமா? கையைத் தண்டிப்பேன். மனசை எப்படித் தண்டிப்பேன்? அதற்குள் எட்டிப் பார்த்தவர் யார்? இன்றைக்கு வெறுப்புக்கென்று ஓராண்டு கூட்டினால், நாளைக்குத் தனக்கு ஆகாத நினைப்புக்கெல்லாம் கூட்டச் சொல்வான் அரசன். அப்போது என்னால் தடுக்க முடியுமா?”

“நல்ல வாதம்,” என்றாள் குரத்தி. கேலியாக இல்லை.

“அப்படியானால் இருவருக்கும் ஒரே தண்டனைதானே?”

வெளியே தூறல் வலுத்து மழையானது. குரத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இரண்டு தெருவிலும் மழைக்கு ஒதுங்கிவிட்டு வாருங்கள்.”

“நீங்களும் வரலாமே?”

“மழைக்காலத்தில் நான் இறங்குவதில்லை. புல்லுக்குப் புல் உயிர் இருக்கும். மிதித்துவிடுவேன்.”

“பதில் கேட்டு வந்தவனை நனையச் சொல்கிறீர்கள்!”

“எங்கே சொன்னேன்? ஒதுங்கத்தானே சொன்னேன்?”

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான்.

ஆற்றங்கரைத் தெருவில் கால் வைத்ததுமே ஒரு கிழவர் அவன் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்குள் இழுத்தார்.

“உள்ள வாங்க சாமி. நீங்க காய்ச்சல்ல படுத்துட்டா தீர்ப்பை யாரு சொல்றது?”

எதிரே, எரிந்த வீட்டுக்கு ஏற்கெனவே புது ஓலை பாதி ஏறியிருந்தது. உச்சியில் நனைந்தபடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவனைக் காட்டினார் கிழவர்.

“யாருன்னு நினைக்கிறீங்க? சாத்தனோட தம்பி! அண்ணன் வெச்சான், தம்பி வேயுறான். வாய்க்காத் தகராறுக்கெல்லாம் தீ வெச்சா ஊர்ல வீடு மிஞ்சுமா? அந்தக் கிறுக்குப் பய திரும்பி வரட்டும், வெளக்குமாத்தாலயே சாத்துறேன்.”

சுக்குத் தண்ணீர் வந்தது. அதைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். அங்கே நின்றவரை அவன்மேல் ஒரு துளி விழவில்லை.

கீழைச்சேரியை அடைந்தபோது மழை கொட்டியது. முதல் வீட்டைப் பார்த்து ஓடினான். வாசலுக்குள் நுழைந்தான். உள்ளேயும் மழை பெய்தது.

அண்ணாந்து பார்த்தான். கூரை இல்லை.

அடுத்த வீட்டுக்கு ஓடினான். அங்கேயும் இல்லை. எதிர்வீட்டில் இல்லை. கோடி வீட்டில் இல்லை. தெரு நெடுக மண்சுவர்கள் மட்டும், வாயைப் பிளந்த பானைகளைப் போல வானத்தைப் பார்த்து நின்றன. கரைந்துகொண்டிருந்தன. ஒரே ஒரு சுவரிலிருந்து கரி கலந்த சுண்ணாம்பு வழிந்தது.

“எரிந்தது பூதியின் வீடு ஒன்றுதானே?” என்றான், யாரிடம் என்று தெரியாமல்.

“ஒண்ணுதாங்க.” ஒரு வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. செம்பி என்கிற இளம்பெண். இடுப்பில் குழந்தை. “மத்தது நாங்களே பிரிச்சது.”

“நீங்களேவா?”

“பூதி வீடு எரிஞ்ச மறுநாளே. தலைக்கு மேல ஓலை இருந்தாத் தூக்கம் வருமா? கீழ புள்ள கெடக்குதே.”

“மழையில் ஓலை எரியாதே, அம்மா. இப்போதாவது வேய்ந்துகொள்ளலாமே?”

“மழை விட்டா?”

முகத்தில் வழிந்த நீரைத் துடைத்தான் ஆதிச்சன்.

“இதை ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை?”

“எத்தனை வீடு எரிஞ்சுதுன்னு கேட்டீங்க. ஒண்ணுன்னு சொன்னோம். வேற என்ன கேட்டீங்க?”

சொல்லிவிட்டு அவன் நனைவதைப் பார்த்தாள். சட்டென்று குனிந்து, மூலையில் எதையோ மூடியிருந்த முறத்தை எடுத்து அவன் தலைக்கு மேல் பிடித்தாள்.

“வந்தவங்க நனையக் கூடாதுங்க.”

அவள் காலடியில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். ஆதிச்சன் குனிந்து பார்த்தான். முறம் இதுவரை காத்துக்கொண்டிருந்தது அடுப்பை. அதன் நெருப்பு ஒவ்வொரு துளிக்கும் கறுத்துக்கொண்டிருந்தது.

முறத்தைப் பிடுங்கி அடுப்பின்மேல் கவிழ்த்தான். அப்படியே முழந்தாளிட்டு அதன்மேல் உடம்பை வளைத்துக் கொண்டான். அரசன் முன்னால்கூட வளையாத முதுகு. அதன்மேல் மழை பெய்தது. மேலே எல்லையே இல்லாத வானம். குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தது.

மழை சற்று ஓய்ந்ததும், முறத்தின் விளிம்பைத் தூக்கிப் பார்த்தான். ஒரு கங்கு கண் விழித்திருந்தது.

திரும்ப மலையேறினான். அவன் நடந்த பாறையெல்லாம் ஈரம்.

குரத்தி குகை வாசலிலேயே நின்றாள்.

“ஒதுங்கினீர்களா?”

“ஆற்றங்கரைத் தெருவில் ஒதுங்கினேன்.”

“கீழைச்சேரியில்?”

அவன் வேட்டியிலிருந்து நீர் சொட்டியது.

“கண்டனின் மனசுக்குள் எட்டிப் பார்க்க வேண்டியிருந்ததா?”

“இல்லை, அடிகளே. அது தெருவிலேயே கிடந்தது.”

குரத்தி மயிற்பீலியால் அவன் நிற்க இடம் செய்து, விலகிக்கொண்டாள்.

“கண்டன் எத்தனை வீட்டை எரித்தான் என்றீர்கள்?”

ஆதிச்சன் பாறை விளிம்புக்குப் போனான். முன்பு வாதாடியபோது தன் முதுகுக்குப் பின்னால் கிடந்த ஊரைக் குனிந்து பார்த்தான்.

கூரையில்லாத வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினான்.