கரடிக்கு வீடு இல்லாமல் போன கதை

அந்தக் காலத்தில் ஒருநாள், மொந்தன் என்ற கரடியின் மூக்கில் சொட்டென்று பச்சைத் தண்ணீர் விழுந்தது. அப்போதெல்லாம் மிருகங்கள் பேசும். பனிமலைக் கரடிகளுக்கு மரக்கூரை வீடும் உண்டு, வீட்டுக்குள் அடுப்பும் உண்டு. மொந்தன் அண்ணாந்து பார்த்தான். பரணில்தான் ஒழுகியது. குளிர்காலம் முழுக்கத் தின்ன வேண்டிய தேன் பானைகள் அங்கேதான் இருந்தன. தண்ணீர் புகுந்தால் தேன் புளித்துவிடும். அப்புறம் பட்டினிதான்.

"வெளியே எல்லாம் உறைஞ்சு கிடக்கு, தண்ணி எங்கேயிருந்துடா வருது?" என்று கத்தினான். ஈரம் காயட்டும் என்று அடுப்பில் இன்னும் நாலு கட்டையைச் செருகினான். ஒழுகல் கூடியது.

சத்தம் கேட்டு, பக்கத்துப் பாறையில் குடியிருந்த தாவி என்ற மலையாடு கூரைமேல் ஏறிப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க அடுப்புச் சூட்டுல கூரைப் பனி அடியில உருகுது. கூரை ஓரத்து இறவாரத்துல சூடு இல்ல, அங்க வந்ததும் திரும்ப உறைஞ்சு அணை மாதிரி நிக்குது. பின்னால வர்ற தண்ணி எங்க போகும்? பலகை இடுக்குல இறங்குது."

"அப்ப என் தலையில நானே தண்ணி ஊத்திக்கிறேன்கிறியா?"

"பின்னே நானா ஊத்துறேன்?"

தாவி குளம்பால் பனிக்கட்டியை உதைத்து ஒரு வாய்க்கால் வெட்டினாள். தண்ணீர் வெளியே ஓடியது. ஒழுகல் நின்றது.

"இது இன்னைக்குத்தான் தாங்கும். தீயைத் தணிச்சு வைங்க. கழியால கூரைப் பனியை இழுத்துத் தள்ளுங்க. கீழ நின்னே தள்ளுங்க, மேல ஏறித் தொலைச்சிராதீங்க!"

"ஆகட்டும் தாயி."

மொந்தன் கழியோடு வாசலுக்குப் போனான். குளிர் மூஞ்சியில் அறைந்தது. திரும்பி வந்தான், கழியை முறித்து அடுப்பில் போட்டுக் காலை நீட்டினான்.

மறுநாளும் பனி கொட்டியது. வாய்க்கால் அடைத்தது. கூரை மடமடவென்று முறிய ஆரம்பித்தது.

"தாவீ! பானையைப் பிடி!"

"எனக்கு ஏதுண்ணே கை? வயித்துல போட்டுக்கிட்டு ஓடியாங்க!"

அது ஒன்றுதான் அவள் சொல்லி அவன் உடனே செய்தது. பானை பானையாக நக்கி முடித்து வெளியே பாய்ந்தான். பின்னால் வீடு தரைமட்டமானது. தொப்பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஒரு குகைக்குள் போய் விழுந்தவன், பனி உருகிப் புல் முளைத்த பிறகுதான் கண் விழித்தான்.

அன்று பிடித்த பழக்கம்தான், பனிமலைக் கரடிகள் குளிர் வருமுன் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் குகையில் சுருண்டு கிடக்கின்றன. அடுப்பும் இல்லை, கூரையும் இல்லை. இத்தனைக்கும் கூரைப் பனியைத் தள்ளத்தான் சொன்னாள். தள்ளவில்லை.