கற்பூரத்தை அணைத்த கை

முதலாளி கார் கெட்டால் டிரைவர்தானே கெடுத்திருப்பான்? பஞ்சாலை முதலாளி சவுந்தரராஜனும் அப்படித்தான் முடிவு கட்டினார்.

அவருடைய ஆட்டோமேட்டிக் கார் மேட்டில் உறுமியதே தவிர ஏறவில்லை. மெக்கானிக் பிரித்துப் பார்த்தார்.

"கியர் ஆயில் குறைஞ்சாலும் இப்படி வழுக்கும். ஆனா இதுல ஆயில் கருகி, உள்ள கிளட்ச் தேஞ்சு கிடக்கு. ரிவர்ஸ்ல உருளும்போதே யாரோ முன் கியருக்குத் தட்டித் தட்டி ஓட்டியிருக்காங்க."

"யாரோ என்ன, இவன்தான்!" முதலாளி டிரைவர் இருளப்பன் மேல் பாய்ந்தார். "இல்லேன்னா கருப்பசாமி முன்னால கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுடா!"

"பண்றேன்யா. ஓட்டுறது நானும் உங்க பிள்ளை சின்னய்யாவும்தான். ரெண்டு பேரும் அணைச்சிடுறோம்."

கோயிலில், "நான் கெடுக்கலை" என்று சொல்லி இருளப்பன் உள்ளங்கையால் சுடரை அணைத்தான். பூசாரி மறுபடி ஏற்றினார். முதலாளி மகன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஊரே பார்த்தது.

முதலாளி பாய்ந்து தானே அணைத்தார். "என் பிள்ளை கெடுக்கலை! நீ நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

இருளப்பன் சாவியை நீட்டினான்.

"எனக்கு வேற வேலை கிடைக்கும்யா. இந்தப் பொய்ச் சத்தியத்தை எந்த ஒர்க்‌ஷாப்புல விட்டுச் சரி பண்ணுவீங்க?"