கருவேலன் கோட்டையின் ஊமை நாய்கள்

நெடுநாளைக்கு முன்னே, மலையும் மழையும் கூடிக் குலவிய வெண்பாறை நாட்டில் அல்லியங்கோதை என்றோர் இளவரசி இருந்தாள். அவளுடைய அண்ணன் வேல்மாறன் வேட்டைக்குப் போனபோது, மந்திரவாதி கருவேலன் அவனைப் பிடித்து நாயாக மாற்றிவிட்டான்.

சும்மா இருப்பாளா தங்கை? காடு கடந்தாள், ஆறு கடந்தாள், கருவேலன் கோட்டைக்குள்ளேயே போய் நின்றாள். முற்றம் நிறையக் கறுப்பு நாய்கள்! எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம். ஒன்றுக்கும் குரல் இல்லை. குரைப்பை எல்லாம் பறித்து ஒரு குடுவைக்குள் அடைத்திருந்தான் அந்தப் பாவி.

"இதில் உன் அண்ணன் ஒருவன்தான் பெண்ணே. உன்னை அவனுக்கு அடையாளம் தெரியாது. மற்றதெல்லாம் பிறவி நாய்," என்று சிரித்தான். "பொழுது சாய்வதற்குள் மூன்று முறை கை காட்டலாம். சரியாகக் காட்டினால் என் மந்திரம் அத்தனையும் உடையும். மூன்றும் தவறினால் நீயும் நாய்தான்."

"அண்ணா!" என்று கூப்பிட்டாள் கோதை. ஒரு நாய் பாய்ந்து வந்து அவள் விரலை நக்கியது.

"இதுதான்!"

"இல்லை!" என்றான் கருவேலன். வழியில் தின்ற அதிரசத்தின் மணம் அவள் விரலில் ஒட்டியிருந்தது.

மூலையில் ஒரு நாய் கண் கலங்கிப் படுத்திருந்தது.

"இதுதான்!"

"இல்லை!"

பாவம், அதன் பாதத்தில் முள். தோற்றுவிடுவோமோ என்ற கலக்கத்திலும், கோதை அதன் அருகில் உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கினாள்.

அப்போது இன்னொரு நாய் அங்கே வந்தது. நேராக வரவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு வளைந்து வளைந்து வந்தது. படுத்திருந்த நாய் காதைப் பின்னால் மடக்கி, வாலைத் தாழ்த்தி மெல்ல ஆட்டியது. இரண்டும் மோந்துகொண்டன.

'அட, இதுகள் பேசிக்கொள்கின்றன!' கோதைக்குப் பயமே மறந்துபோயிற்று.

அங்கே ஒன்று முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கியது; உடனே மற்றொன்று விளையாட ஓடிவந்தது. இங்கே ஒன்று எலும்பின் மேல் விறைப்பாக நின்றது. பக்கத்தில் வந்த நாய் தன் மூக்கை நக்கிக்கொண்டு விலகிப்போனது. வாய் பேசவில்லை, வால் பேசியது, காது பேசியது, முதுகு பேசியது.

ஒரே ஒரு நாய் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, கண்ணுக்குக் கண் பார்த்தபடி, ஒவ்வொரு நாயிடமும் நேராகப் போனது. போன இடமெல்லாம் மயிர் சிலிர்த்தது, பல் தெரிந்தது. விளையாட்டுக்குக் கூப்பிட நினைத்ததோ என்னவோ, முன்னங்காலுக்குப் பதில் பின்னங்காலை மடக்கியது! மற்றவை திகைத்து நின்றன.

"பொழுது சாய்கிறது!" என்று கத்தினான் கருவேலன்.

"இதுதான்!" என்றாள் கோதை.

படாரென்று குடுவை வெடித்தது. அடைபட்ட குரைப்பெல்லாம் ஒன்றாய்க் கிளம்ப, அலறிக்கொண்டு ஓடிய கருவேலன் திரும்பி வரவேயில்லை. வேல்மாறன் மனிதனாக எழுந்து தங்கையைக் கட்டிக்கொண்டான்.

"எப்படியம்மா கண்டுபிடித்தாய்?"

"எல்லா நாயும் நாய்ப் பேச்சுப் பேசியது. உனக்கு மட்டும் வரவில்லை. முறைத்துக்கொண்டே நேரே போனாயே, அவர்கள் மொழியில் அது சண்டைக்கு அழைப்பு, அண்ணா!"

"ஐயோ! நான் 'நலமா?' என்றல்லவா கேட்டேன்!"

கோதை சிரித்த சிரிப்பில் கோட்டையே அதிர்ந்தது. வேல்மாறன் வெட்கத்தோடு தோளைத் தாழ்த்தி, பார்வையை விலக்கி, வளைந்து நடந்துபோய்த் தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு நாய் வந்து மோந்தது. பிறகு அவன் மடியில் தலை வைத்தது.

நாய்கள் எல்லாம் அவர்களோடே வெண்பாறைக்கு வந்தன. அண்ணனும் நலம், தங்கையும் நலம், வாலாட்டி வந்தவையும் நலம். கேட்ட நாமும் நலமாக இருப்போம்.