ராக்கெட் மெஷினும் பழைய டப்பாவும்

கரும்பு ஆலையின் எடைமேடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வாரமாகியும் லாரி வரிசை குறையவில்லை. வெயிலில் கரும்பு காய்ந்து எடை இறங்கிக்கொண்டிருந்தது.

மேனேஜர் தாமோதரன் எடைச் சீட்டு அடிக்கும் அஞ்சலையிடம் எகிறினார். "ராக்கெட் மாதிரி மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கேன். உன் கைதான் ஆமை! சாயங்காலத்துக்குள்ள வரிசை தீரலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

"சரிங்க சார். மூலையில போட்ட பழைய கம்ப்யூட்டரை மட்டும் கொடுங்க."

"அந்த டப்பாவா?" என்று சிரித்தபடியே கொடுத்தார்.

மூன்று மணிக்கெல்லாம் கடைசி லாரி மேடையேறியது. தாமோதரன் ஓடி வந்தார். "எப்படி?"

அஞ்சலை புதுக் கம்ப்யூட்டரை ஓடவிட்டாள். அதில் இருந்தது தாமோதரனின் மச்சான் எழுதிய சாஃப்ட்வேர். சீட்டு வருவதற்குள் திரையில் தாமோதரன் படம் மெல்லச் சுழன்றது, பூக்கள் கொட்டின, கடைசியில் ஒரு பெரிய மாலை விழுந்தது.

"மெஷின் ராக்கெட்தான் சார். ஆனா ஒவ்வொரு லாரிக்கும் முதல்ல உங்களுக்கு மாலை போட்டுட்டுத்தான் கிளம்புது."

ஜன்னலில் எட்டிப் பார்த்த டிரைவர் பதறினார். "ஐயையோ, சார் எப்பத் தவறினாரு?"

அன்றைக்கே பழைய சாஃப்ட்வேர் புதுக் கம்ப்யூட்டரில் ஏறியது. மறுநாள் சீட்டு நொடியில் கைக்கு வந்தது; எடைமேடையில் எந்த டிரைவரும் இன்ஜினை அணைக்கவே இல்லை.