ஆச்சு

பாறை ஏறுகிறவர்கள் கீழே இருக்கும்வரை வாயாடிகள். ஏறத் தொடங்கிவிட்டால் ஒற்றைச் சொல்தான். காற்றில் நீளமான பேச்சு கேட்காது என்று அப்படிப் பழக்கியவர் லூர்துமேரி மாஸ்டர்.

அந்த விபத்து நடந்து பதினோரு மாதம் கழித்துத் தணிகாசலம் பாறையடிக்கே அவரைத் தேடி வந்தார். வேன் ஓட்டுகிறவர், மாஸ்டரைவிடப் பத்து வயது மூத்தவர். கூட்டாளி அமலனோடு சேர்ந்து மாஸ்டரிடம்தான் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டார். அமலன் செத்தது இதே பாறையில். அன்றைக்குக் கீழே கயிறு பிடித்திருந்தவர் தணிகாசலம்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மாஸ்டர். தப்பு யாருது? அவனுதா, என்னுதா?”

மாஸ்டர் கையிலிருந்த கயிற்றுச் சுருளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“மேல போயி ‘ஆச்சு’ன்னான். அங்க அடிச்சிருக்கிற இரும்பு வளையத்துல தன்னைக் கட்டிக்கிட்டான்னு நெனச்சேன். கயித்தை விட்டுட்டேன்.”

“ம்.”

“அவன் சொன்னது வேற. வளையத்துல கயித்தைக் கோத்தாச்சு, என்னை இறக்குன்னு சொல்லியிருக்கான். நான் பிடிச்சிருக்கேன்னு நம்பிச் சாஞ்சுட்டான். அவன் சம்சாரம் மூஞ்சியில முழிக்க முடியல. அவனுதுன்னா அவனுதுன்னு சொல்லிடுங்க. என்னுதுன்னாலும் சொல்லிடுங்க. எனக்குத் தூக்கமே இல்ல.”

மாஸ்டர் எழுந்தார். கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டினார்.

“பிடிங்கண்ணே.”

“ஐயையோ! நான் மாட்டேன். வேற யாரையாச்சும் கூப்பிடுங்க.”

“வேற யாரும் வரல.”

இப்படிப் பயப்படுகிற ஆளின் கையில் யாராவது உயிரைக் கொடுப்பார்களா? அந்த அம்மா கொடுத்தார். பிடிவாதக்காரி. திரும்பிப் பார்க்காமல் ஏறினார்.

தணிகாசலம் கழுத்து வலிக்க அண்ணாந்தபடியே கயிறு விட்டுக்கொண்டிருந்தார். உச்சியில் பாறை வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் போனால் ஆள் தெரியாது. மாஸ்டரும் மறைந்தார்.

கயிறு மேலே போவது நின்றது. பிறகு குரல் வந்தது.

“ஆச்சு!”

தணிகாசலம் விடவில்லை. இறக்கவும் இல்லை. இரண்டு கையாலும் கயிற்றை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

“ஆச்சு!”

அவ்வளவுதான், மனுஷன் உடைந்துவிட்டார். அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினார்.

“என்ன ஆச்சு? சொல்லுங்க மாஸ்டர், என்ன ஆச்சு?”

“வளையத்துல கயித்தைக் கோத்தாச்சு. என்னைக் கட்டிக்கல. இறக்குங்க.”

சாண் சாணாக இறக்கினார். மாஸ்டரின் கால் மண்ணில் பட்ட பிறகும் அவருக்குக் கயிற்றை விட மனம் வரவில்லை. மாஸ்டர்தான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

“இன்னும் நீங்க பதில் சொல்லல மாஸ்டர்.”

மாஸ்டர் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

“இப்ப நீங்க ‘என்ன ஆச்சு’ன்னு கேட்டீங்களே, அதை அன்னைக்கு ஓடி வந்த அத்தனை பேரும் கேட்டாங்கண்ணே. நானும்தான் கேட்டேன், அவன் விழுந்தப்புறம். ஆள் மேல இருக்கும்போதே கேக்கணும்னு உங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கலியே.”