மிஞ்சிப்போன மாராயி

காதைக் கொடுங்கள் பிள்ளைகளா! குதிரைக்குக் கொம்பு முளைத்திருந்த காலம் இல்லை. ஆனாலும் ரொம்ப ரொம்பப் பழைய காலம். ஆம்பல் நாட்டைப் பூபதி ராஜா ஆண்டுகொண்டிருந்தார்.

அறுவடை முடிந்தால் ராஜவீதியில் ஊருக்கே விருந்து. அதில் ஒரு வழக்கம். எல்லா வரிசையிலும் இலைகள் சமமாக விழ வேண்டும். ஒரு வரிசை நீண்டு ஒரு வரிசை குறைந்தால் அபசகுனமாம்! யாராவது மிஞ்சினால், கடைசியாக வந்தவர் பசியோடு திரும்ப வேண்டியதுதான்.

அந்த வருஷம் கடைசியாக வந்தவள் உப்பு விற்கிற மாராயி. வழியில் கழுதை சண்டித்தனம் பண்ணிவிட்டது. விருந்தை நினைத்துக் காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் வந்தவள். பாயச வாசனை வேறு மூக்கைத் துளைத்தது.

மந்திரி தலைகளை எண்ணினார். இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று.

இரண்டு வரிசை போட்டார். ஒருத்தி மிச்சம். மூன்று வரிசை போட்டார். ஒருத்தி மிச்சம். நாலு, ஐந்து என்று பத்து வரிசை வரைக்கும் போட்டுப் பார்த்தார். அட, அப்போதும் ஒருத்தி மிச்சம்! அதற்கு மேல் வீதியில் அகலம் இல்லை.

“ஒரே வரிசையாப் போட்டுருங்களேன், ஐயா!” என்று கெஞ்சினாள் மாராயி.

“போட்டால் வரிசை வீதியைத் தாண்டிப் போய், பாதிப் பேர் ஆற்றுக்குள் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான். இது பிடிவாதக்கார எண், அம்மா. எத்தனை வரிசையாகப் பிரித்தாலும் சமமாகப் பிரியாது. நான் என்ன செய்யட்டும்?” என்றார் மந்திரி.

மாராயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரும்பும்போது மேலே மாடத்தைப் பார்த்தாள். அங்கே தங்கத் தட்டோடு ராஜா தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். ராஜா ஊரோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அதுவும் ஒரு வழக்கம்.

“சாமி, நீங்க எந்த வரிசை?” என்று கேட்டாள்.

“நானா? எந்த வரிசையிலும் இல்லை.”

“அடக் கடவுளே! அப்போ மிஞ்சிப்போனது நான் மட்டும் இல்லையா? நாம ரெண்டு பேரா?”

மந்திரி முகத்தில் ஈயாடவில்லை. ராஜா ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தபடி படியிறங்கி ஓடி வந்தார்.

“மந்திரி! என்னையும் சேர்த்து எண்ணும். இப்போது போடும் இரண்டு வரிசை!”

போட்டார்கள். இந்தப் பக்கம் ஆயிரத்து இருநூற்று அறுபத்தொன்று. அந்தப் பக்கமும் ஆயிரத்து இருநூற்று அறுபத்தொன்று! ஒரு வரிசையின் கடைசி இலையில் மாராயி. அவளுக்கு எதிரே, மண்ணில் சப்பணம் போட்டுக்கொண்டு ராஜா. ஊர் போட்ட குலவையில் கழுதைகூடக் கத்திவிட்டது.

மாராயி மூன்று தடவை பாயசம் வாங்கினாள். ராஜா நாலு தடவை.

ஆகவே பிள்ளைகளா, ஒருத்தரையும் வெளியே தள்ளாமல் கணக்கு சரியாக வேண்டுமானால், மேலே உட்கார்ந்திருப்பவர் தன்னையும் ஒரு தலையாகச் சேர்த்து எண்ண வேண்டும்.