இரட்டைக் குழல்

காங்கயத்துக்குக் கிழக்கே, மழை எட்டிப் பார்க்கவே யோசிக்கிற வறண்ட காட்டில், ஒரு பாறைக் குன்றின் அடியில் அம்மை இருந்தார். அவருக்கு மடமும் கிடையாது, பீடமும் கிடையாது. ஓர் ஓட்டுவீடும் ஒரு வேப்பமரமும்தான். கேள்வியோடு வருகிறவர்களுக்குச் சில நாள் பதில் கிடைக்கும். சில நாள் மோர் மட்டும் கிடைக்கும்.

நல்லமுத்து அம்மையின் சீடர். ஆனால் அம்மையைவிட வயதில் மூத்தவர். அதனால் அவர் அம்மையை அம்மை என்பார், அம்மை அவரை அண்ணா என்பார். குருவே அண்ணா என்று கூப்பிட்டால் சீடன் காலில் விழுவதா, ஆசீர்வாதம் பண்ணுவதா என்று ஊரில் ஒரு கேலி உண்டு. நல்லமுத்து அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மாசி மாதம் அவருடைய அடுத்த தோட்டத்தில் ஒரு கொடுமை நடந்தது. தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான புருசனையும் பெண்டாட்டியையும் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கொன்றுபோட்டு, காதில் கிடந்ததையும் கழுத்தில் கிடந்ததையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கதவு உடைபடவில்லை. உள்ளேயிருந்துதான் திறந்திருக்கிறார்கள். காலையில் பால் எடுக்கப் போனவன் போட்ட கூச்சல் நல்லமுத்துவின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

அவரும் அவர் மனைவி வேலாத்தாளும் அதே மாதிரி தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறவர்கள். கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரே வீடு இப்போது பூட்டிக் கிடந்தது.

நல்லமுத்து பயந்துபோனார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, யாராக இருந்தாலும் பயம் வரத்தான் செய்யும். வெளிநாட்டிலிருக்கும் மகள் போனில் அழுதாள். அவள் சொல்படி வீட்டின் மூலைக்கு மூலை கேமரா வைத்தார். வாசலுக்கு இரும்புக் கிராதி போட்டார். ஒயரில்லாத பட்டனை அமுக்கினால் ஊளையிடுகிற சைரன் ஒன்றும் வைத்தார். இத்தனை வைத்தும் தூக்கம் வரவில்லை. துப்பாக்கி உரிமத்துக்கு எழுதிப் போட்டு, நடையாய் நடந்து, விசாரணையெல்லாம் முடிந்து ஒருவழியாக அதுவும் கிடைத்துவிட்டது. எந்தத் துப்பாக்கி என்பதுதான் பாக்கி.

அதைக் கேட்கத்தான் அம்மையிடம் வந்தார். அம்மை முறத்தை மடியில் வைத்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

“கோயமுத்தூர்ல கடைக்குப் போய்ப் பாத்துட்டு வந்தனுங்க. ஒத்தைக் குழல் ஒன்னு, ரெட்டைக் குழல் ஒன்னு, இடுப்புல சொருகற கைத்துப்பாக்கி ஒன்னு. எதை வாங்கட்டுமுங்க?”

“உங்களுக்கு எதுங்கண்ணா தோணுது?”

“ரெட்டைக் குழல்தானுங்க. ஒன்னு தப்புனாலும் இன்னொன்னு இருக்குதுங்களே.”

“ஆரு கையில இருக்கும்?”

“என்ற கையிலதானுங்க.”

“ராத்திரில நீங்க ஊட்டுலயா இருக்கறீங்க?”

நல்லமுத்து தயங்கினார். கிணற்று மோட்டாரை ஓட்டுகிற த்ரீ பேஸ் கரண்டு அந்தப் பக்கம் இருட்டிய பிறகுதான் வரும். அது வருகிற நேரம் பார்த்துப் போய் மோட்டாரைப் போட்டு, மடை மாற்றிவிட்டு வராவிட்டால் தென்னையும் காய்ந்துபோகும், மாட்டுக்குப் போட்ட சோளமும் காய்ந்துபோகும். அப்பன் காலத்தில் ஏற்றம் இறைத்தபோது பகலில் இறைத்தார்கள். இப்போது கரண்டு சொல்கிற நேரம்தான் குடியானவனுக்கு நேரம்.

“தண்ணி கட்டப் போகோணுமில்லைங்க. அந்நேரத்துக்கு அவகிட்டக் குடுத்துட்டுப் போயிருவனுங்க. சொல்லிக் குடுத்தாப் புடிச்சுக்குவா.”

அம்மை உரித்த அவரையை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

“ஊட்டைப் பாத்துட்டுச் சொல்றன். நாளைக்கு மத்தியானத்துக்கு மேல வர்றனுங்கண்ணா.”

சொன்னபடியே மறுநாள் வெயிலில் நடந்து வந்தார். நல்லமுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். போனை எடுத்து, கேமராவில் தெரிகிற வேலியையும் தடத்தையும் காட்டினார். திரையில் அவர் வீட்டு நாய் வாலாட்டிக்கொண்டு போனது. அதைப் பார்க்கும்போது மட்டும் அவர் முகத்தில் பழைய தெளிவு கொஞ்சம் வந்தது.

“நீங்க கிணத்துக்குப் போறப்ப இந்தப் போனு எங்கீங்க இருக்கும்?” என்று அம்மை கேட்டார்.

“என்ற சட்டைச் சோப்புலதானுங்க. அங்கிருந்தே ஊட்டைப் பாத்துக்குவனுங்க.”

அம்மை வேலாத்தாளைப் பார்த்தார். “அண்ணி, இந்தச் சைரனை நீங்க அமுக்கிப் பாத்தீங்களா?”

“இல்லைங்க. அந்தப் பட்டன் அவிய கட்டலுக்கு மேல செவுத்துல இருக்குதுங்க. சும்மா தொட்டுப்போடாதேன்னு சொல்லியிருக்கறாங்க.”

அம்மை சமையல்கட்டுக்குப் போய், மூலையில் சாத்தியிருந்த பூண் போட்ட உலக்கையை எடுத்து வந்து வேலாத்தாள் கையில் கொடுத்தார். பிறகு சன்னல்களையெல்லாம் சாத்தினார். பட்டப்பகலில் வீட்டுக்குள் இருட்டுக் கட்டிக்கொண்டது.

“இதுதான் துப்பாக்கின்னு வெச்சுக்கங்க அண்ணி. நானு ஒரு பக்கமா உக்காந்துக்கறன். அண்ணன் கிணத்துக்குப் போயிட்டு, ராத்திரில எப்படி வருவாங்களோ அப்படியே வருவாங்க. கள்ளன்னு உங்க மனசுக்குப் பட்டா உலக்கையில ஒரு இடி இடிங்க. அதுதான் வெடி.”

நல்லமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னையத் தெரியாதுங்களா அவளுக்கு? இத்தனை வருசம் ஒலை வெச்சுச் சோறு போட்டவளுக்கு?”

“போயிட்டு வாங்கண்ணா” என்றார் அம்மை.

நல்லமுத்து கிணற்றடிக்குப் போனார். திரும்பும்போது, ராத்திரியில் செய்கிற மாதிரியே செருப்பைக் கிணற்று மேட்டில் கழற்றிப் போட்டார்.

முன்பெல்லாம் அப்படியில்லை. அந்தப் பக்கத்து ஆண்பிள்ளைகள் இருட்டில் வீட்டுக்குத் திரும்பினால், மாட்டுக்கொட்டாய் தாண்டும்போதே தொண்டையைச் செருமி ஒரு கனைப்புக் கனைப்பார்கள். உள்ளே இருக்கிற பெண்பிள்ளைக்கு வருவது யார் என்று தெரிந்துவிடும். நல்லமுத்துவின் அப்பன் கனைத்தால் கன்றுக்குட்டி எழுந்து நிற்கும் என்பார்கள். நல்லமுத்துவும் அப்படித்தான் இருந்தார். மாசிக்குப் பிறகு விட்டுவிட்டார். ஆண்பிள்ளை வெளியே போயிருக்கிறான், வீட்டில் பெண்பிள்ளை தனியாக இருக்கிறாள் என்று கள்ளனுக்குத் தெரியக் கூடாதல்லவா. அதனால் டார்ச் அடிப்பதில்லை, செருப்புப் போடுவதில்லை, கனைப்பதில்லை. பூனை மாதிரி வந்து கதவை ஒற்றை விரலால் தட்டுவார்.

இப்போதும் அப்படியே வந்தார். நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. கிராதிக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கினார். விரல் கதவில் படவில்லை, அதற்குள் உள்ளே தொம் என்று உலக்கை விழுந்தது.

நல்லமுத்து அப்படியே நின்றார். விளையாட்டுத்தான் என்று தெரிந்தும் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

“இன்னொருக்காப் போயிட்டு வாங்கண்ணா” என்று இருட்டுக்குள்ளிருந்து அம்மையின் குரல் வந்தது.

இந்த முறை விஷயம் புரிந்தவராக வந்தார். வாசலுக்கு வருவதற்கு முன்பே, ராத்திரிக்கு ஏற்ற மாதிரி குரலை அடக்கிக் கூப்பிட்டார். “வேலாத்தா! நாந்தான்!”

உள்ளே சத்தமில்லை. அவர் கிராதியில் கை வைத்தார். மறுபடியும் தொம்மென்றது.

நல்லமுத்துவுக்குக் கோபம் தலைக்கேறியது. “ஏ புள்ள, காது அடைச்சுப்போச்சா உனக்கு? நாந்தான்னு சொல்றனில்ல!”

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலாத்தாள் சொன்னாள்: “அடுத்த தோட்டத்துலயும் எவனோ நாந்தான்னுதானுங்க சொல்லியிருப்பான். இல்லீனா அந்தக்கா கதவைத் தொறந்திருக்குமா?”

பிறகு கதவு திறந்தது. வேலாத்தாள் உலக்கையைப் பிடித்தபடி நின்றாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. பகலில், விளையாட்டுக்கு என்று சொல்லிக் கொடுத்த உலக்கைக்கே இப்படி.

“இத்தனை பயத்தை எங்க வெச்சிருந்த?” என்றார் நல்லமுத்து. குரலில் கோபம் வடிந்துவிட்டது.

வேலாத்தாள் அம்மையைப் பார்த்தாள். அம்மை தலையசைத்தார். அதன் பிறகுதான் வேலாத்தாள் புருசனிடம் சொன்னாள்.

“நீங்க வெளிய போனதும் கதவுக்குப் பொறகால வந்து நின்னுக்குவனுங்க. மட்டை வெட்டற அருவா கையில இருக்கும். நீங்க தாழ்ப்பாள்ல கை வெச்சதும் ஓங்கிக்குவன். தட்டற விரலு உங்களுதா இன்னொருத்தனுதான்னு எப்படீங்க தெரியும்? ஒரு கையில கதவைத் தொறப்பன். மொகம் தெரியற வரைக்கும் ஓங்குன கை எறங்காதுங்க. மாசியிலிருந்து தெனமும் இப்படித்தானுங்க. நீங்க உள்ள வர்றதுக்குள்ள அதைக் கதவுச் சந்துல சொருகிப்போடுவன்.”

நல்லமுத்து கதவுச் சந்தைப் பார்த்தார். அருவாள் அங்கேதான் இருந்தது. சாணை பிடித்துப் பளபளவென்று இருந்தது. அதைச் சாணை பிடிக்க அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“சொல்லியிருக்கலாமில்ல புள்ள.”

“நீங்களே அரண்டு போயிருக்கறீங்க. நானும் சொல்லி என்னத்துக்குங்க?” அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். “முன்னயெல்லாம் கொட்டாய்க்கிட்ட வர்றப்பவே கனைப்பீங்க. அடுப்படியில இருந்தாலும் எனக்குக் கேக்கும். அந்தக் கனைப்பு வேற ஆருக்கும் வராதுங்க. அதையும் நிறுத்திப்போட்டீங்க.”

நல்லமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். தூக்கமில்லாத அத்தனை ராத்திரியும் கேமராவில் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி அருவாளைத் தூக்கிக்கொண்டு நின்றது எந்தக் கேமராவிலும் விழவில்லை. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளை நினைத்துப் பயமாகவும் இருந்தது.

அம்மை சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். சாய்ந்த வெயில் உள்ளே வந்தது.

நல்லமுத்து உட்கார்ந்தபடியே தலையை நிமிர்த்தினார். “நீங்க பண்ணுனது புரியுதுங்க அம்மை. ஆனா அந்த ரெண்டு பேருக்கும் பாடை கட்டுனவன் நானு. அவங்க கெடந்த கெடை கண்ணை விட்டுப் போகமாட்டீங்குது. கள்ளன் கனைச்சா நின்னுருவானுங்களா? வெறுங்கையோட இவளை விட்டுப்போட்டுக் கிணத்துக்குப் போகச் சொல்றீங்களா?”

“அப்படி நானு சொல்லலீங்களே.”

“துப்பாக்கி வேண்டாங்கறீங்களா?”

“அதுவும் சொல்லலீங்க.”

“பின்ன எதைத்தானுங்க வாங்கட்டும்?”

அம்மை வேலாத்தாளின் கையிலிருந்து உலக்கையை வாங்கினார். அதன் பூண் பட்டுத் தரையில் காரை பெயர்ந்திருந்தது, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடத்தில். அம்மை குனிந்து அந்தப் பள்ளங்களைக் கையால் தடவிப் பார்த்தார்.

“ஒன்னு தப்புனாலும் இன்னொன்னு இருக்கும்னு நேத்துச் சொன்னீங்க. ரெண்டும் தப்பலீங்க. ரெண்டும் உங்க மேலயே போயிருச்சு.” உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு நிமிர்ந்தார். “இனிமே கள்ளன் வந்தா, அண்ணி கையில மிச்சம் என்னங்கண்ணா இருக்கும்?”

பொழுது இறங்கியது. மோட்டார் ரூமில் கரண்டு வந்ததற்கான சிவப்பு விளக்கு தூரத்தில் எரிந்தது. நல்லமுத்து எழுந்து போய்ச் சைரன் பட்டனைச் சுவரிலிருந்து கழற்றி வந்து வேலாத்தாள் கையில் வைத்தார். போனையும் அதன் மேல் வைத்தார். பிறகு கிணற்றடியில் விட்டுவந்த செருப்பைப் போட்டுக்கொண்டு வர, தொண்டையை ஒரு தடவை செருமிப் பார்த்துவிட்டு, வெறுங்காலோடு இறங்கி நடந்தார்.